சாவி கை மாறும் இடம்

காரவள்ளியில் மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்துவோம். ஸ்டாண்டு போட்டதும் என் கணவர் சாவியை உருவி என் கையில் வைத்துவிடுவார். டீயும் ஆளுக்கொரு வடையும் முடிந்த பிறகு நான் முன்னால் ஏறுவேன், அவர் பின்னால். திருச்சியிலிருந்து அதுவரை அவர் ஓட்டி வந்திருப்பார். அங்கிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் என் கணக்கு. இறக்கம் மறுபடி அவர் கணக்கு. ஆறேழு வருடமாக எங்கள் பாகப்பிரிவினை இப்படித்தான்.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. 1991 மாடல் புல்லட் 350, மாமனார் வாங்கியது. நாங்கள் இருவரும் ஓட்டுவோம் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "அப்போ ஆளுக்கொரு வண்டி வாங்கிக்கலாமே?" என்பதுதான். வாங்கியிருக்கலாம். 2019-இல் ஷோரூம் வரை போய்ப் பார்த்தோம். பட்டன் ஸ்டார்ட், டிஸ்க் பிரேக், எல்லாம் இருந்தது. விலை விசாரித்துவிட்டு வெளியே வந்து நின்றபோது அவர் சொன்னார்: "நீ ஒரு வண்டி, நான் ஒரு வண்டின்னு போனா நடுவுல லாரி பூந்துடும். அப்புறம் ஊர் போய்ச் சேர்ந்துதான் பேசிக்கணும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரே வண்டியில் இரண்டு பேரும் போவதில்தான் எங்களுக்குச் சுகம். அதிலும் பின் சீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏராளம். பின்னால் உட்காருவதும் ஒரு வேலை என்று யாராவது எழுதி நான் பார்த்தது குறைவு.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். 2004-இல் கல்யாணமாகி வந்தபோது புல்லட் மாமாவிடம் இருந்தது. அத்தையும் மாமாவும் அதில் போகாத கோயில் இல்லை. சமயபுரம், வயலூர், திருவானைக்காவல் எல்லாம் பக்கம். ஒரு முறை வேளாங்கண்ணி வரை போய் வந்திருக்கிறார்கள். அத்தை கண்டாங்கிச் சேலையில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவார். பார்க்க ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். முதல்முறை என்னை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "முந்தானையை இழுத்துச் செருகிக்கோ. வண்டி எந்தப் பக்கம் சாயுதோ நீயும் அந்தப் பக்கமே சாய். பயந்துக்கிட்டு எதிர்ப்பக்கம் இழுக்காதே, ஓட்டுற புள்ளைக்குக் கை வலிக்கும்."

எவ்வளவு சரியான பாடம் என்பது நானே ஓட்டத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்புவது சாய்வினால். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் ஐம்பது அறுபது கிலோ பயத்தில் வலது பக்கம் நிமிர்ந்தால், வண்டி போக வேண்டிய கோட்டைவிட்டு வெளியே போகப் பார்க்கும். மலைப்பாதையில் வெளியே என்றால் பள்ளம், அல்லது எதிரே வரும் பஸ். வளைவு இடது பக்கம் என்றால் ஓட்டுபவரின் இடது தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், வலது பக்கம் என்றால் வலது தோளுக்கு மேலாக. பார்வை போனால் உடம்பு தானாகப் போகும். அத்தை இதை எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. மாமாவின் முதுகைப் பார்த்துப் படித்தது.

மாமா 2011-இல் தவறினார். புல்லட் மூன்று வருடம் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. இவருக்குத் துவாக்குடியில் சின்னதாக லேத் பட்டறை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, புஷ் கடைந்து, கேபிள் மாற்றி, 2014 கடைசியில் உயிர் கொடுத்தார். அன்றைக்கு அத்தை வாசலுக்கு வரவில்லை. அடுப்படியில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பயணங்களுக்கு வழி திறந்துவிட்டது என்னுடைய வேலை. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை ஆயின. மாதத்தில் இரண்டு முறை சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் கிடைத்தது. மகளை அத்தையிடம் விட்டுவிட்டு முதல்முறை ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து 20 வளைவுகள். அப்புறம் ஏலகிரி, வால்பாறை, ராமேஸ்வரம் என்று நீண்டுகொண்டே போனது. அதே வருடம் ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் சொல்லி, பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை போட்டதாக, தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட்டாக இரண்டு பேருக்கும் வாங்கினோம். பின்னால் இருப்பவருக்குப் பாதி ஹெல்மெட் போதும் என்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். விழும்போது இரண்டு பேரும்தானே விழுகிறோம்?

ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது. காதில் மாட்டிப் பேசும் கருவியெல்லாம் இப்போது வந்துவிட்டது, நாங்கள் வாங்கவில்லை. தட்டுதான் எங்கள் மொழி. தொடையில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இடது தோளில் என்றால் இடது பக்கம் பார், ஏதோ இருக்கிறது. முதுகில் உள்ளங்கையை அப்படியே வைத்தால் ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். இந்தக் கடைசி சங்கேதத்தை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒரு மழை நாளில் மணப்பாறைப் பக்கம் தானாக வந்தது.

இடது தோளில் தட்டியதில் மறக்க முடியாதது வால்பாறைப் பாதையில். ஆழியாறு அணை தாண்டி ஏறினால் 40 வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, கீழே அணை தட்டில் ஊற்றின தண்ணீர்போலக் கிடக்கும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது பாறைச் சரிவில் ஏதோ அசைந்தது. தட்டினேன். எஞ்சினை நிறுத்தியதும் பார்த்தால் வரையாடுகள். ஒன்பதோ பத்தோ, குட்டிகளோடு. நடக்கவே இடமில்லாத பாறையில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநில விலங்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு சரி, அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஓட்டுகிறவர் அதைப் பார்த்திருக்க முடியாது. பார்க்கவும் கூடாது. அவர் கண் வளைவின் மறுமுனையில் இருக்க வேண்டும், கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். ஊர் பார்க்கிற வேலை முழுக்கப் பின் சீட்டுக்காரருடையது. பார்த்ததை இறங்கின பிறகு சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. வால்பாறை போய்ச் சேர்ந்து ராத்திரி சாப்பிடும்போது அவர் ஒவ்வொரு வளைவாகக் கேட்பார். "பதினெட்டுல என்ன இருந்துச்சு? ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

இனி 2018 ஜனவரிக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த பிறகு கொல்லிமலை போயிருந்தோம். திரும்புகையில் கூட்டம். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். சட்டமே அதைத்தான் சொல்கிறது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று இறங்கினோம். எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பாதி வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு முன்னால் ஒரு வேன் விட்டு விட்டுப் போனதில் பிரேக்கிலேயே அதிக நேரம் கால் இருந்துவிட்டது. முப்பதாம் எண் வளைவுக்குக் கீழே ஏதோ ஒரு வளைவில் எனக்கு ஒரு வாடை வந்தது. தோசைக்கல்லில் ரப்பர் பட்டால் வருமே, அந்த மாதிரி. முன்னால் இருப்பவருக்குக் காற்று எதிரே அடிக்கிறது, அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு தட்டு தட்டினேன்.

நிறுத்துவதற்குள் ஒரு வளைவு தாண்டிவிட்டது. இறங்கியதும் அவர் முகம் வெளுத்திருந்தது. "பெடல் உள்ள போயிட்டே இருக்கு, பிடிக்கல" என்றார். சூட்டில் பிரேக் ஷூவுக்குப் பிடிப்பு போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார், ஊற்றிவிடலாம் என்று. இவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடலாம். தானாக ஆற வேண்டும். முக்கால் மணி நேரம் சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. இரண்டு பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வண்டியைக் கீழ கொண்டுபோக உனக்குத் தெரியாதுல்ல." எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. மூன்று வருடமாக அந்த வண்டியில் போகிறேன், அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும், ஆனால் நகர்த்தத் தெரியாது.

அந்த மாதமே எல்எல்ஆர் போட்டேன். என்னிடம் இருந்தது கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிற உரிமம். கியர் வண்டிக்குத் தனியாக எடுக்க வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் 100 சிசி வண்டியில் கிளட்ச் பழகி, ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டு உரிமம் வாங்கியாகிவிட்டது. அது எளிதாகவே முடிந்தது. புல்லட் வேறு கதை.

எங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மீதி மூன்றும் கீழே. புல்லட் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனி வடிவமைத்த வண்டி, அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் அதுதான் வழக்கம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டது. முதல் தேவை நம் ராணுவத்துக்கு. இங்கிலாந்தில் 1970 வாக்கில் மூடிவிட்டார்கள், சென்னையில் மட்டும் அதே வண்டி அதே அச்சில் வந்துகொண்டே இருந்தது. மாமா 1991-இல் வாங்கியதும் அந்தப் பழைய முறைதான். ஸ்கூட்டரிலும் 100 சிசியிலும் பழகிய கால் இதை ஏற்றுக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. பதற்றத்தில் வலது கால் பிரேக்கைத் தேடும், கியர்தான் மாட்டும். அதனால் துவாக்குடியில் ஒரு காலி மனையில் செங்கல்லை நட்டுவைத்துக்கொண்டு, "நில்லு" என்று அவர் கத்தும்போது இடது காலை மட்டும் அழுத்துகிற பயிற்சி. ஒரு நாளைக்கு நூறு முறையாவது செய்திருப்பேன்.

அதைவிடப் பெரிய காரியம் ஸ்டார்ட் செய்வது. பலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். பலத்தோடு உதைத்தால் புல்லட் திருப்பி உதைக்கும், கெண்டைக்காலில் வாங்கினவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்ரோல் குழாயைத் திற. சாவியைத் திருப்பு. ஹெட்லைட் கூண்டின்மேல் சின்னதாக ஒரு ஆம்பியர் மீட்டர், அதன் முள் இடது பக்கம் சாயும். இப்போது கிக்கரைக் காலால் மெதுவாக, உதைக்காமல், அழுத்திக்கொண்டே வா. எங்கேயோ ஓர் இடத்தில் கல்போலத் தடுக்கும். முள் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் மேலே ஏறி வந்துவிட்டது என்று அர்த்தம். இடது கைப்பக்கம் இருக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று உஸ்ஸென்று வெளியேறும், கிக்கர் இளகும். ஒரு விரற்கடை இறக்கு. லீவரை விடு. கிக்கரை மேலே வரவிடு. இப்போது உடம்பின் எடை முழுவதையும் வைத்து ஒரே மிதி.

முதல் பத்து நாள் வரவே இல்லை. வேர்த்துக் கொட்டும். அவர் சும்மா நிற்பார், கிட்டே வரமாட்டார். ஒரு நாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம். மகளோடு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்: "முள்ளைப் பார்க்காதே. காலுக்கே தெரியும். உங்க மாமா இருட்டுல எடுப்பாரு." கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அந்தத் தடுக்கிற இடம் காலுக்குக் கிடைத்தது. லீவர், விரற்கடை, விடுதல், மிதி. டப், டப், டப் என்று நிதானமாக எழுந்து நின்றது வண்டி. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்த மாதிரி தோளெல்லாம் லேசானது. அத்தை எழுந்து வந்து பெட்ரோல் டேங்கை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் அருமையாக ஓட்டுவார். பின்னால் உட்கார அவருக்கு வரவே இல்லை. வாழ்நாளில் அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை, பட்டறைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர்தான் முன்னால். நான் ஓட்டும்போது அவர் முதலில் செய்த தப்பு, வளைவில் என்னைவிட முன்னதாகச் சாய்ந்துவிடுவது. அவர் மனதுக்குள் வேறு ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அது திரும்பிவிடும், நான் இன்னும் திரும்பியிருக்க மாட்டேன். அத்தை எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன். "வண்டி சாயுறப்போ சாயுங்க. அதுக்கு முன்னாடி வேணாம், எதிர்ப்பக்கமும் வேணாம்." கற்றுக்கொண்டார்.

இன்னொன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. நான் பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கிற இடத்தில் அவருடைய இடது கால் பின் ஃபுட்ரெஸ்டை அழுத்தும். அங்கே பிரேக் ஏது? ஆனாலும் கால் அழுத்தும். வண்டியில் அது எனக்கு அப்படியே தெரியும், இடது பக்கம் ஒரு சின்னக் கனம் இறங்கி ஏறுவதுபோல. அவருக்கே அது தெரியாது. கேட்டால் இல்லை என்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மனது முழுக்க ஓட்டுகிறவருக்குக் கேட்கும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூச்சை அடக்கினால் தெரியும். முழங்கால் இறுகினால் தெரியும். தூக்கம் வந்தால் தெரியும். மூன்று வருடம் நான் பின்னால் உட்கார்ந்து பயந்ததையும் சிலிர்த்ததையும் அவர் இப்படித்தானே கேட்டுக்கொண்டு ஓட்டியிருப்பார் என்று நினைத்தபோது, மணப்பாறை மழையில் நான் முதுகில் கை வைத்ததும் அவர் வேகத்தை ஏன் குறைத்தார் என்பது புரிந்தது.

சரி, கொல்லிமலைக்கு வருகிறேன். எத்தனை இடம் போனாலும் வருடத்துக்கு இரண்டு முறை அங்கே போய்விடுவோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் நம்பர் 1 டோல்கேட், குணசீலம் தாண்டி முசிறி வரும்போது காவிரிமேல் வெளுக்கத் தொடங்கும். தொட்டியம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் வாழை, அந்த நேரத்தில் அந்த இலைகளிலிருந்து வருகிற குளிர் முழங்காலில் வந்து மோதும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருக்கும். அவர் ஒவ்வொன்றையும் பார்க்க ஆசைப்பட்டு மெதுவாகப் போவார், தொழில் பாசம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி. போய்வர எட்டு, ஒன்பது லிட்டர் பெட்ரோல். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் காசு கிடையாது.

ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். முதல் பத்துப் பதினைந்து வளைவுகளில் வெயில் முதுகில் இருக்கும். மேலே போகப் போக நிழல், மிளகுக்கொடி சுற்றின மரங்கள், பலாப்பழ வாசனை. சில வளைவுகள் மிகவும் நெருக்கமானவை, முதல் கியருக்கு இறங்காமல் முடியாது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் ஒளிந்துகொண்டிருக்கும், அதில் மாட்டிக்கொண்டால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும். அதனால் வளைவுக்கு முன்னாலேயே கியரை முடிவு செய்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு யோசிக்கக் கூடாது.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது, குதிரைமேல். சங்கப் பாட்டில் அந்த ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை எதிர்த்து வந்த காரியின் குதிரைக்கும் காரிதான். ஆளையும் ஏறி வருகிற மிருகத்தையும் ஒரே பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தச் சிலையைத் தாண்டும்போது எனக்கு ஒரு நெருக்கம். மேலே போனதும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் இருக்க மாட்டோம். ஆட்டுக்கால்போல ரோமம் படர்ந்த கிழங்கு, தோலைச் சீவி மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். மூட்டைப் பற்றித் தெரியாது, அந்த மலைக்குளிரில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுகம். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாயகங்கைக்கு இறங்குகிற ஆயிரம் படி, சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு. அந்தச் சீப்பு அத்தைக்கு.

2018-இல் நடந்ததற்குப் பிறகு இறக்கத்தை அவர் எனக்குக் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஷூ புதிதாகப் போட்டு, டிரம்மைத் தானே கடைந்து, கேபிள் எல்லாம் மாற்றிவிட்டார். இருந்தாலும் இறக்கம் என்றால் அவர்தான். போன ஜனவரியில் இரண்டாவது சனிக்கிழமை போய் மறுநாள் கிளம்பும்போது செம்மேட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். "இறக்கமும் நீயே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

70-இலிருந்து எண்கள் குறையத் தொடங்கின. இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல். எஞ்சின் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்கும், அந்தச் சத்தம் மாறினால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகக் கூடாது. வளைவுக்கு முன் ஒரு பிடி, விட்டுவிட வேண்டும், டிரம் மூச்சு வாங்கட்டும். அறுபத்தெட்டில் இடது பக்கம் அந்தக் கனம் இறங்கி ஏறியது. அறுபத்தேழில் மறுபடி. அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஒவ்வொன்றிலும் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஐம்பதில் மேலே ஏறி வந்த அரசு பஸ்ஸுக்காக ஓரம் கட்டி நின்றேன். டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். மறுபடி கிளட்சை விட்டேன்.

நாற்பத்திரண்டோ நாற்பத்தொன்றோ, எண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. வலது பக்கம் நெருக்கமான வளைவு. வளைவைத் தாண்டி வண்டி நிமிர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இடது பக்கம் ஒன்றும் இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கால் அப்படியே சும்மா இருந்தது. முப்பதுக்குக் கீழே, முன்பு நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்தச் சுவர் வந்தது. என் இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணை வளைவில் வைத்திருந்தேன். கீழே காரவள்ளியில் டீ வந்ததும் கேட்டேன், "அந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"வயல்ல தண்ணி கட்டியிருந்தாங்க. மொத்தமும் வானம் மாதிரி தெரிஞ்சுது" என்றார்.